முத்துக்கருப்பன் மூச்சு

சோணையம்மாளின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மரகதா மில்லில் சங்கு ஊதினால் கரிமேடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். இவள் வாயைத் திறந்தால் அந்தச் சங்கு கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளும். நூலைச் சிட்டம் போடுகிற ரீலிங் பகுதியில், அத்தனை ராட்டுகளும் கடகடவென்று சுற்றுகிற இரைச்சலுக்கு நடுவே, கடைசி வரிசையில் நிற்கிறவளிடம் இவள் ஒரு வாய் வெற்றிலை கேட்டால், அவள் திரும்புவதற்கு முன்னால் அடுத்த கட்டடத்து மேஸ்திரி திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு குரல். அந்தக் குரல்தான் அவளை மேடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. நாசமாய்ப் போன மேடை.

அவளுக்குச் சொந்த ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. நிலமில்லாத குடும்பம். நிலம் வைத்திருந்த பெரிய வீட்டில் யாராவது செத்துப்போனால் இவர்கள் தெருவுக்கு ஆள் வரும். "பொம்பளயாளுகளக் கெளம்பச் சொல்லு" என்று தெரு முனையிலேயே நின்று கத்திவிட்டுப் போவான். அவ்வளவுதான், அடுப்பில் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று மாரடித்து அழ வேண்டும். யாருக்காக? போன வாரம் இவர்கள் வீட்டு ஆம்பளையைக் கட்டி வைத்து அடித்தவனுக்காக. அழுகை போதவில்லை என்றால் அதற்கும் ஏச்சு விழும்.

சோணையம்மாளின் ஆத்தா தங்கப்பொண்ணுக்கு அந்த வட்டாரத்திலேயே பெரிய குரல். அதனால் அவளை விடவே மாட்டார்கள். ஒரு ஆடி மாசம், கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்துக் கிடந்தபோது பெரிய வீட்டுக் கிழவன் மண்டையைப் போட்டான். பிள்ளையைச் சோணையம்மாள் மடியில் போட்டுவிட்டு ஆத்தா போனாள். பொழுது சாயத் திரும்பி வந்தபோது பிள்ளை அடங்கிப் போயிருந்தது. தங்கப்பொண்ணு வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. கிழவனுக்கு அழுது தீர்த்த தொண்டையில் சொந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. அன்றைக்குச் சோணையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள்: எவன் ஏவினாலும் நான் அழமாட்டேன்.

முத்துக்கருப்பனுக்கு வாழ்க்கைப்பட்ட கையோடு அவனைப் பிடுங்கிக்கொண்டு மதுரைக்கு வந்ததும் அதனால்தான். அவன் சாதுவான மனுஷன், சிரித்துப் பேசுகிறவன். அழகர்கோவில் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டு சாராயத்தைத் தொடாமல் இருந்தவன். மில்லில் அவனுக்கு புளோரூமில் வேலை கிடைத்தது. பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினில் போட்டு உதறுகிற இடம் அது. உள்ளே போனால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது, அவ்வளவு தூசி. வேலை முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மயிர் எல்லாம் வெள்ளைவெளேர் என்று இருக்கும். "வாங்க தாத்தா" என்று சோணையம்மாள் கேலி செய்வாள். "வாரேன் பேத்தி, சோத்தப் போடு" என்பான் அவன். அந்தக் கேலியை நினைத்தால் பிற்பாடு அவளுக்கு வயிறு எரிந்தது. மீசையில் ஒட்டியதைத் தட்டிவிடலாம். நெஞ்சுக்குள் போய் ஒட்டியதை என்ன செய்வது?

இருமல் முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் வந்தது. பிறகு எல்லாக் கிழமைகளிலும் வந்தது. உலகச் சண்டை நடந்த வருஷங்களில் மில் ராப்பகலாய் ஓடியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். கொஞ்ச நாள் சேர்ந்தாற்போல் போகாவிட்டால் வேலையே போய்விடும். ஆகவே இருமிக்கொண்டே போனான்.

இப்படி இருக்கையில் நாற்பத்தாறாம் வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. சர்க்கார் ஒரு திட்டம் போடப் போகிறதாம். நோய்க் காப்பு இன்சூரன்ஸ் என்று பேராம். தொழிலாளி கூலியில் கொஞ்சம், மில்காரர் பங்கு கொஞ்சம் போட்டு ஒரு நிதி. யாருக்காவது நோய் வந்தால் வைத்தியமும் உண்டு, படுத்திருக்கிற நாளுக்குக் கூலியில் ஒரு பாதியும் உண்டு. கேட்டதும் சோணையம்மாளுக்கு முத்துக்கருப்பன் ஒரு மாசம் பாயில் கால் நீட்டிப் படுத்திருப்பது போல் கண்ணுக்குள் ஓடியது. அந்த ஒரு படத்துக்காகத்தான் அவள் சங்கத்துக்குத் தொண்டையைக் கொடுத்தாள். வேறு எந்த மண்ணாங்கட்டிக்காகவும் இல்லை.

மில்லில் இரண்டு சங்கங்கள் இருந்தன. திட்டம் வேண்டும் என்றது ஒன்று. அதற்குத் தலைவர் வக்கீல் சுந்தரேசம் பிள்ளை. வடக்கு மாசி வீதியில் வீடு, வெளுத்த கதர், நல்ல கணீர் பேச்சு. இன்னொன்று காசிமாயனுடையது. அவன் ஒரு காலத்தில் இதே மில்லில் பிட்டராக இருந்தவன். மில்காரர் காரில் முன்சீட்டில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து தலைவன் ஆகிவிட்டான். மில்காரருக்குத் திட்டம் பிடிக்கவில்லை, தன் பங்கு போட வேண்டுமே. அதனால் காசிமாயனுக்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது கோஷம். திட்டத்தில் என்ன இருக்கிறது, யார் எவ்வளவு போடுவது, ஆஸ்பத்திரி எங்கே வரும் என்று எவனாவது உட்கார்ந்து பேசினானா? ஒருத்தனும் பேசவில்லை. காசிமாயன் ஆட்கள் வாசலில் நின்று, வேலை விட்டு வருகிற கூட்டத்தைப் பார்த்து ஒரு கோஷம் போட்டார்கள். ஒருத்தன் "அவன் இருமலுக்கு!" என்பான். மற்றவர்கள் "என் கூலியா!" என்பார்கள். சின்னக் கோஷம், நாலே வார்த்தை. வாய்க்கு வசமாக இருந்தது. காதில் ஒரு தடவை விழுந்தால் சோறு தின்னும்போதும் உள்ளே ஓடியது. மில்லில் இருமுகிறவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை அந்தக் கோஷம் எழும்பியபோது முத்துக்கருப்பன் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். நூறு பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவன் இருமலை அடக்கினான். துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வான். கண் பிதுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டில் அண்டை அயலார் காதில் விழக் கூடாதென்று விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வருவான். தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் கோஷம் விளையாட்டாகிவிட்டது. அவன் குழாயடிக்குப் போனால் "அவன் இருமலுக்கு" என்று ஒரு வாண்டு எடுத்துக் கொடுக்க, மற்றதுகள் பின்பாட்டுப் பாடும். சோணையம்மாள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எத்தனை பேரை விரட்டுவது?

வக்கீல் சும்மா இருப்பாரா? பதில் கோஷம் ஒன்று அவரே கட்டிக் கொண்டுவந்தார். "முத்துக்கருப்பன் மூச்சு!" என்று ஒருவர் சொல்ல வேண்டும். "எங்கள் மூச்சு!" என்று கூட்டம் சொல்ல வேண்டும். சங்க ஆபீசில் அதைப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"அருமையா அமைஞ்சிருக்கு. சோணையம்மா, நீதான் எடுத்துக் கொடுக்கணும். அவன் சம்சாரமே சொன்னா அதுக்கு ஒரு வேகம் தனி."

சோணையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். "ஐயா, நான் எப்படிங்க அந்தப் பேரச் சொல்லுவேன்?"

"ஏன், வாய்ல நுழையாதா?"

"அவுக எம் புருசங்கய்யா."

ஆபீசில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். கட்டினவன் பேரை வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் ஆத்தா சொல்லி, அதற்கு ஆத்தா சொல்லி, அவள் ரத்தத்தில் ஊறிப் போன விஷயம். கருப்பசாமி கோவிலில்கூட அவள் "பதினெட்டாம்படியானே" என்றுதான் கும்பிடுவாள், அந்தப் பேரின் பாதிகூட அவள் நாக்கில் ஏறக் கூடாது. கறுப்புச் சேலையை அவள் "இருட்டுக் கலரு" என்பாள். வக்கீலுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "சரி, உனக்கு வந்த மாதிரி சொல்லு" என்று விட்டுவிட்டார்.

பசுமலை வரைக்கும் போன முதல் ஊர்வலத்தில் அவள் தன் முழுக் குரலில் "எங்க வீட்டாரு மூச்சு!" என்றாள். பின்னால் வந்த ஆம்பளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் பதில் சொல்லத் திணறிப் போனார்கள். கடைசியில் ரீலிங்கில் பக்கத்து ராட்டுக்காரியான சோலையம்மாள்தான் முன்னால் வந்து பேரைச் சொல்லிக் காப்பாற்றினாள். அதிலிருந்து பேர் சோலையம்மாளுக்கு, மற்ற கோஷமெல்லாம் சோணையம்மாளுக்கு என்று ஏற்பாடு. வீட்டுக்கு வந்தபோது முத்துக்கருப்பன் சுவரில் சாய்ந்தபடி சிரித்தான்.

"எம் பேரு எம்புட்டு வாயில போயி வருது பாத்தியா? எங்கப்பன் வச்சப்ப இதக் கண்டானா?"

"கெக்கலி கொட்டாதீக. கஞ்சியக் குடிங்க."

"நீ மட்டும்தேன் சொல்ல மாட்டேங்குற."

"சொல்லாட்டி என்ன, நீங்க திரும்பிப் பாக்காமயா இருக்கீக?"

ஆனி பிறந்ததும் அவன் இருமலில் ரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து பிறகு பார்க்கலாம், முதலில் அந்தத் தூசியை விட்டு வெளியே வா என்றார். வெளியே வந்தால் வேலை எங்கே? மில் வாசலில் காவல் ஸ்டூல் ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, வேப்பமரத்துக் காற்று. அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லி அவள் வக்கீலிடம் சொன்னாள். "பேசறேன்" என்றார் அவர். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. அவன் ஒவ்வொரு நாளும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அந்த வெள்ளை இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தான். பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் அவளே மேனேஜர் ரூமுக்கு முன்னால் போய் நின்றாள்.

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அன்னைக்கே சரின்னு சொல்லிட்டேனே. உங்க வக்கீல்தானே இப்ப வேணாம்னாரு?"

அங்கிருந்து வடக்கு மாசி வீதிக்கு அவள் எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியாது. வக்கீல் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மறைக்கக்கூட இல்லை அந்த மனுஷன். அதுதான் கொடுமை. தான் செய்தது தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமாம்மா, நான்தான் நிறுத்தி வெச்சேன். யோசிச்சுப் பாரு. இப்ப அவனை வாசலுக்கு மாத்திட்டா மேனேஜர் கருணை காட்டிட்டான்னு பேர் ஆயிடும். இன்சூரன்ஸ் எதுக்கு, முதலாளியே பாத்துக்கறாரேன்னு காசிமாயன் கிளம்புவான். நம்ம கோஷம் செத்துடும்."

"கோசம் செத்துருமா? ஐயா, அங்க மனுசன் சாகுறாருங்க!"

"நம்ம பொதுக்கூட்டம் வருதே, அது முடியட்டும். மறுநாளே மாத்திடலாம். ஆயிரம் குடும்பத்துக்காக ஒருத்தர் கொஞ்சம் பொறுத்துக்கிறதுதானே தியாகம்?"

யார் நெஞ்சை வைத்து யார் தியாகம் செய்கிறது என்று பாருங்கள். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். "அப்புறம், நீங்கள்லாம் ஒப்பாரி பிரமாதமா பாடுவீங்களாமே. கூட்டத்துல அவன் பக்கத்துல நின்னு ரெண்டு வரி பாடேன். ஜனங்க உருகிடுவாங்க."

சொந்த ஊர்த் தெரு முனையில் நின்று ஆள் கத்துகிற சத்தம் சோணையம்மாள் காதில் கேட்டது. "உசுரோட இருக்க மனுசனுக்கா ஒப்பாரி பாடச் சொல்றீக?" என்றாள்.

"சும்மா ஒரு உருக்கத்துக்குத்தாம்மா."

அவள் படியிறங்கி வந்துவிட்டாள். அன்று சாயந்திரமே காசிமாயன் லைன் வீட்டுக்கு வந்தான். இவனுக்கு மூக்கில் வேர்த்திருக்கிறது. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "முத்துக்கருப்பா, அந்த ஸ்டூலு ஒனக்கு நாளைக்கே. ஒண்ணே ஒண்ணு செய்யணும். எங்க கூட்டத்துல வந்து, எனக்கு இருமலு சாராயத்துலதேன் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அம்புட்டுத்தேன்" என்றான்.

முத்துக்கருப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாதுவான அந்த மனுஷன் அப்படிப் பார்த்து அவள் அதுவரை கண்டதில்லை. "காசிமாயண்ணே, நானும் நீயும் ஒரே நாளு மில்லுக்குள்ள போனோம். நான் குடிச்சு நீ பாத்திருக்கியா?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? பொழைக்கிற வழியப் பாருப்பா."

"சாராயத்தத் தொடமாட்டேன்னு அழகர்கோயிலு சாமிக்கு நேந்துக்கிட்டவன்ணே நான். போயிட்டு வா."

அவன் போன பிறகு சோணையம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள். ஒருத்தனுக்கு இவர் செத்துக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருத்தனுக்கு இவர் குடிகாரனாக வேண்டும், இவர் பிழைக்க வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு நாதிகூடக் கிடையாதா என்று பானை சட்டியை உருட்டினாள். முத்துக்கருப்பன்தான் அவளை அடக்கினான். "கூட்டம் வரைக்கும் பொறுப்போம் புள்ள. இன்சூரன்சு வந்தா எல்லாத்துக்கும் நல்லதுதான?" என்றான். அந்த நல்ல மனசுதான் அவனுக்கு எமன்.

கூட்டம் மில்லுக்கு எதிர்த்த பொட்டலில் நடந்தது. வாடகைக்கு மைக் செட் பிடித்து, நாலு மூலையிலும் மூங்கிலில் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தார்கள். முத்துக்கருப்பனை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் மாலையும் போட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காசிமாயன் தன் ஆட்களோடு வந்து நின்றான். வக்கீல் எழுந்து பேசினார். சீமையிலே உண்டு, ஜெர்மனியிலே உண்டு, நமக்கு ஏன் இல்லை என்று நன்றாகத்தான் பேசினார். பேச்சின் நடுவில் முத்துக்கருப்பனுக்கு இருமல் வந்தது. வழக்கம்போல் அவன் துண்டை எடுத்து வாயில் திணித்தான். வக்கீல் அந்தத் துண்டை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கினார். வாங்கிவிட்டு, மைக்கை நகர்த்தி அவன் வாய்க்கு நேரே வைத்தார்.

"கேளுங்கள் தோழர்களே! இதுதான் புளோரூம் பேசுகிற பேச்சு!"

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளித்து இருமின அந்த இருமல் நாலு குழாயிலும் கேட்டது. பக்கத்துப் பொன்னகரம் முழுக்கக் கேட்டது. அவன் முகத்தைத் திருப்பினான், மைக்கும் கூடவே திரும்பியது. ரோட்டிலிருந்து "அவன் இருமலுக்கு!" என்று ஒரு கத்தல், "என் கூலியா!" என்று ஒரு கூட்டம். இந்தப் பக்கமிருந்து "முத்துக்கருப்பன் மூச்சு!" என்று ஒரு கத்தல், "எங்கள் மூச்சு!" என்று ஒரு கூட்டம். இரண்டு சத்தத்துக்கும் நடுவே அவன் இருமிக்கொண்டே இருந்தான். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அங்கே ஒருவனுக்கும் தோன்றவில்லை.

சோணையம்மாள் சொம்போடு எழுந்து மேடைக்கு வந்தாள். படியில் நின்ற தொண்டன் கையை நீட்டி மறித்தான். "ஐயா முடிக்கட்டும்மா." அவள் விட்ட தள்ளில் அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். போய்ப் புருஷன் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு தண்ணீரைக் கொடுத்தாள், துண்டைப் பிடுங்கி வாயைத் துடைத்தாள். வக்கீலுக்கு ஏக சந்தோஷம். "இதோ, அவருடைய வாழ்க்கைத் துணைவி! இந்தத் தாயின் துயரத்தை அவள் வாயாலேயே கேளுங்கள்!" என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார். கண்ணால் சாடையும் காட்டினார், பாடு என்று.

பாடினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, ஆத்தா தங்கப்பொண்ணின் முழுத் தொண்டையோடு பாடினாள். புருஷனைப் பார்த்து அல்ல. வக்கீல் முகத்துக்கு நேரே கையை நீட்டி மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"கோட்டு மேல கோட்டுப் போட்டு
கோர்ட்டுக்குப் போன ராசா
கூட்டம் கைதட்டையில
குளுந்து போனீயளே, என்னப் பெத்த ராசா!
மைக்கு வைக்கத் தெரிஞ்ச கைக்கு
மருந்து வைக்கத் தெரியலையே!
மூச்சு முட்டும் ஏழ நெஞ்ச
முரசாக்கிப் போனீயளே!"

உயிரோடு நிற்கிறவனைப் பார்த்து ஒப்பாரி வைப்பது என்றால் சும்மாவா? வெட்டரிவாளை ஓங்கினால்கூட நம் பக்கத்து ஆள் நின்று பேசுவான், இதற்கு நிற்கமாட்டான். வக்கீல் ஒரு எட்டு பின்னால் போனார். அவள் காசிமாயன் நின்ற ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

"காரு முன்சீட்டில் ஏறிக்கிட்டு
கைலாசம் போன ராசா
கூட ஒழச்சவன
குடிகாரன்னு சொன்ன ராசா
நாக்கு அழுகிப் போகையில
நாலு பேரு வேணுமின்னா
நாங்க வந்து அழுகுறமே
நடுவீட்டுல கெடத்துங்களே!"

கீழே சோலையம்மாள் எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு மாரில் ஓங்கி அடித்தாள். ரீலிங் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து வளையம் கட்டினார்கள். இவர்கள் ஆத்தாமார்கள் எல்லாம் ஏவலுக்கு அழுதவர்கள். அழுகையின் அளவு சுருதி எல்லாம் இவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஏவ ஆள் இல்லாமல் அழுதார்கள். ரோட்டில் கோஷம் நின்றுபோனது. காசிமாயன் கழுத்துத் தாயத்தைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

பாட்டை நிறுத்திவிட்டு அவள் மைக்கில் பேசினாள். "நாளைக்குக் காலையில இந்த மனுசன் வாசல் ஸ்டூல்ல உக்காந்திருக்கணும். இல்லாட்டி ரீலிங்ல ஒரு ராட்டும் சுத்தாது. இன்சூரன்சு வேணும், வேணான்னு நான் சொல்லல. அதுக்கு மொதல்ல மூச்சு வேணும்." புருஷன் கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவனைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சங்கு ஊதியும் ரீலிங் பெண்கள் உள்ளே போகவில்லை. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். இரண்டு சங்கத்திலிருந்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வெயில் ஏறும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு மேனேஜர் கிளார்க்கை அனுப்பினார். அவன் வந்து பேனாவைத் திறந்துகொண்டு எகத்தாளமாகக் கேட்டான்.

"வாசலுக்கு மாத்தம் யாருக்கு? பேரச் சொல்லு. பேரச் சொன்னாத்தான் எழுதுவேன்."

ஊருக்கே தெரிந்த பேர். அவனுக்குத் தெரியாதா? பாவி, வேண்டுமென்றே கேட்கிறான். சோலையம்மாள் சொல்ல வாயெடுத்தாள். சோணையம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். வேப்பமரத்தடியில் குந்தியிருந்த புருஷனைப் பார்த்தாள். பிறகு கத்தாமல், பக்கத்து வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"முத்துக்கருப்பன்."

பின்னாலிருந்து யாரும் "எங்கள் மூச்சு" என்று சொல்லவில்லை. கிளார்க் எழுதிக்கொண்டான். முத்துக்கருப்பன் மெள்ள எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஏம்புள்ள, ஊரறியச் சொல்லிப்புட்டியே" என்றான். அவள் அவன் மீசையில் ஒட்டியிருந்த பழைய பஞ்சைத் தட்டிவிட்டு உள்ளே வேலைக்குப் போனாள்.

அந்த ஸ்டூலில் அவன் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான். கால் நீட்டிப் படுத்துத் தூங்கிய நாட்கள்கூட உண்டு. ஆனால் உள்ளே போனது போனதுதான். நாற்பத்தேழு ஐப்பசி அடைமழையில் மறுபடி ரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் தடவை நான் சொன்னபோதே அந்தத் தூசியை விட்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பேசவில்லை. பொதுக்கூட்டத்துக்காகக் காத்திருந்த நாட்களை அவள் மனசுக்குள் எண்ணினாள். அவன் செத்த அன்று அவள் அழுதாள். தனக்காகவும் அவனுக்காகவும் அழுதாள். தொண்டை அடைக்கவில்லை.

நாற்பத்தெட்டு சித்திரையில் டில்லியில் சட்டம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரி வரவில்லை, மருந்து வரவில்லை, மதுரைக்கு எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. ஊர்வலம் மட்டும் உடனே வந்தது. முன்வரிசையில் வக்கீல் சுந்தரேசம் பிள்ளை, அவருக்குப் பக்கத்தில் யார்? காசிமாயன்! வெட்கங்கெட்டவன். சட்டம் வந்ததே தன்னால்தான் என்று அவனும் மாலை போட்டுக்கொண்டு வந்தான். அவன் தொண்டைதான் எல்லோருக்கும் மேலே கேட்டது. "தியாகி முத்துக்கருப்பன் நாமம்!" "வாழ்க!" "முத்துக்கருப்பன் மூச்சு!" "எங்கள் மூச்சு!"

சோணையம்மாள் ராட்டை விட்டுவிட்டு வெளியே வந்தாள். வாசல் ஸ்டூலைத் தாண்டி நடுரோட்டில் போய் நின்று கையை உயர்த்தினாள். "நிப்பாட்டுங்கடா."

அந்தக் குரலுக்கு ஊர்வலம் நின்றது. வக்கீல் சிரித்த முகமாய் முன்னால் வந்தார். அவளையே கோஷம் எடுத்துக் கொடுக்கச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"பதினெட்டு வருசம் அந்த மனுசனோட வாழ்ந்தேன். அவரு ஆயுசு கொறஞ்சிருமேன்னு அந்தப் பேர நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ சொன்னேன், அவரு உசுரக் கேட்டுச் சொன்னேன். அந்தப் பேரச் சொல்ல உங்களுக்கு எவன்டா உரிம குடுத்தான்?"

காசிமாயன் தரையைப் பார்த்தான். அவள் விலகி வழிவிட்டாள். மில் வாசலைத் தாண்டும் வரை ஊர்வலத்தில் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பொன்னகரம் முக்கில் திரும்பி ஆள் மறைந்ததும் மறுபடி கோஷத்தை ஆரம்பித்தார்கள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்ற சோணையம்மாளுக்கு அது கேட்டது.